சலுகை யாருக்கு? சுமை யாருக்கு?

இன்றைக்கும் எஞ்சி நிற்கும் தோட்டங்களில், விடியுமுன் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு பக்கம் வெட்டுக்காரர்கள் பெரட்டுக்குப் போகிறார்கள். கையில் கத்தியும் வாளியும். மறுபக்கம் அவர்களுடைய மகனும் மகளும் தொழிற்சாலை பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை. பால்மரம் பெற்றோருக்குச் சோறு போட்டது. தொழிற்சாலை பிள்ளைகளுக்குச் சோறு போடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தொழிற்சாலைகளில் பல தாமாக வந்தவை அல்ல. அரசாங்கம் அழைத்து வந்தவை. அழைத்தபோது வெறுங்கையோடு அழைக்கவில்லை. "இத்தனை ஆண்டுகளுக்கு வரி வேண்டாம், நிலம் தருகிறோம், சாலையும் மின்சாரமும் தருகிறோம், இயந்திரத்துக்குத் தீர்வை இல்லை" என்றெல்லாம் வாக்குக் கொடுத்து அழைத்தது. பக்கத்து நாட்டு அரசாங்கமும் அதே கம்பெனியின் வாசலில் நின்று, அதைவிட அதிகமாகத் தருவதாகச் சொன்னது. இந்தப் போட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. இதில் கொடுப்பது என்ன, வாங்குவது என்ன, விலை தருகிறவர் யார் என்பதைத் தொழிலாளியும் கிராணியும் அறிந்துகொள்வது கடமையாகும்.

ஜொகூரில் புதிய அழைப்பு

2025 ஜனவரி 7ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வலய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மறுநாளே சலுகைகள் அறிவிக்கப்பட்டன. குறிப்பிட்ட உயர் தொழில்களில் புதிய முதலீடு செய்யும் கம்பெனிகள், 15 ஆண்டுகள் வரை நூற்றுக்கு 5 வீதமே வருமான வரி கட்டினால் போதும். மற்றக் கம்பெனிகளுக்கு மலேசியாவில் பொதுவான வரி நூற்றுக்கு 24. முதல் ஐந்தாண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்மிக்க வேலைகள் என்பது இரு அரசாங்கங்களும் வைத்துள்ள குறி.

வேலை வருவதை வேண்டாம் என்று சொல்ல நாம் பைத்தியக்காரர்கள் அல்லர். ஜொகூரின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த 20,000 வேலைகளில் எத்தனை கிடைக்கும், எந்தச் சம்பளத்தில் கிடைக்கும், சங்கம் அமைக்கும் உரிமையோடு கிடைக்குமா என்றுதான் கேட்கிறோம்.

பழைய கதை

இந்த வழி புதிதல்ல. மலாயா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1958இல், முன்னோடித் தொழில் சட்டம் வந்தது. புதிய தொழிலைத் தொடங்குவோருக்குச் சில ஆண்டுகள் வருமான வரி இல்லை என்றது அந்தச் சட்டம். 1959இல் சிங்கப்பூரும் அதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. 1961இல் அங்கே பொருளாதார வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறியது. 1967இல் சிங்கப்பூர் இன்னும் ஒரு படி சென்றது. அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதியில் வரும் இலாபத்துக்கு நூற்றுக்கு 40 ஆக இருந்த வரியை 4 ஆகக் குறைத்தது.

மலேசியா சும்மா இருக்கவில்லை. 1968இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம். 1971இல் தடையற்ற வாணிப வலயச் சட்டம். அதன் பின் பினாங்கு பாயான் லெப்பாஸில் வலயம். 1972இல் இன்டெல் கம்பெனி அங்கே ஆலை அமைத்தது. ஹியூலட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி போன்ற கம்பெனிகளும் வந்தன. 1986இல் முதலீட்டு மேம்பாட்டுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சிங்கப்பூர் ஓர் அடி வைத்தால் மலேசியா ஓர் அடி. மலேசியா வைத்தால் தாய்லாந்து ஓர் அடி.

நியாயமாகச் சொல்வதானால், பினாங்கு வீண் போகவில்லை. வேலையின்றித் தவித்த அந்தத் தீவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. ஆனால் வரிச் சலுகை மட்டும் அதைச் செய்துவிட்டது என்று எண்ணுவது தவறு. அங்கே துறைமுகம் இருந்தது. விமான நிலையம் இருந்தது. ஆங்கிலம் படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் இருந்தார்கள். 1969இல் தொடங்கிய பினாங்கு வளர்ச்சிக் கழகம் நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது. வரியை எந்த நாடும் ஒரே நாளில் குறைத்துவிடலாம். துறைமுகத்தையும் படித்த தொழிலாளியையும் ஒரே நாளில் உண்டாக்க முடியாது. அவற்றை உண்டாக்கத் தேவையான பணமோ வரியிலிருந்துதான் வர வேண்டும்.

அந்தப் பணத்தில் நம் பங்கும் இருந்தது. முன்னோடிக் கம்பெனிக்கு வரி இல்லை என்று சொன்ன அதே ஆண்டுகளில், கப்பலேறிய ரப்பருக்கு ஏற்றுமதித் தீர்வை வசூலாகிக்கொண்டிருந்தது. நாட்டின் பொக்கிஷத்தை நிரப்பியவற்றுள் அது முக்கியமானது. அப்பணம் துரையின் பையிலிருந்து போனதாகக் கணக்கில் எழுதியிருக்கலாம். மழையிலும் பனியிலும் மரத்துக்கு மரம் ஓடி அந்தப் பாலை எடுத்தது யார் என்பதைக் கணக்குப் புத்தகம் எழுதாவிட்டாலும் நாம் அறிவோம்.

ஒரு சிறு கணக்கு

சலுகை என்றால் என்னவென்று கிராணி நண்பர்கள் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கம்பெனி ஆண்டுக்கு ஒரு கோடி வெள்ளி இலாபம் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 24 வீதம் வரி என்றால் 24 இலட்சம் வெள்ளி. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கமான முன்னோடி அந்தஸ்து பெற்ற கம்பெனிக்கு, வருமானத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு ஐந்தாண்டுகள் வரி விலக்கு. மிச்சம் 30 இலட்சத்துக்கு மட்டும் வரி. அது 7 இலட்சத்து 20 ஆயிரம் வெள்ளி. அரசாங்கம் விட்டுக்கொடுத்தது 16 இலட்சத்து 80 ஆயிரம் வெள்ளி.

2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. அப்படியானால் ஒரே ஆண்டில் விட்டுக்கொடுத்த பணம், குறைந்தபட்சச் சம்பளத்தில் 82 பேருக்கு ஆண்டு முழுவதும் கொடுக்கும் சம்பளத்துக்குச் சமம். அந்தக் கம்பெனி ஆயிரம் பேருக்கு நல்ல சம்பளம் கொடுத்து, தொழில் கற்றுக்கொடுத்து, உள்ளூர்ப் பட்டறைகளிடம் சாமான் வாங்கினால் நாட்டுக்கு இலாபம். ஐம்பது பேரை வைத்து, இயந்திரத்தை இறக்குமதி செய்து, இலாபத்தை வெளியே அனுப்பினால், அந்த ஐம்பது பேருக்கும் மறைமுகமாகச் சம்பளம் கொடுத்தது நாட்டு மக்களே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலாபத்துக்கு வரி இல்லை என்ற சலுகை, அதிக இலாபம் சம்பாதிப்பவனுக்கே அதிகம் உதவும். சலுகை இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய கம்பெனிக்கும் அது போய்ச் சேரும். இயந்திரம் வாங்கியதற்காக, தொழில் பயிற்சி கொடுத்ததற்காக என்று செய்த காரியத்தைப் பார்த்துக் கொடுக்கும் சலுகை அதைவிட மேலானது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மலேசிய அரசாங்கம் அறிவித்த புதிய முதலீட்டுச் சலுகை முறையும், எந்தப் பொருளைச் செய்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு உயர்ந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதைப் பார்ப்பதாகச் சொல்கிறது. சொன்னபடி நடந்தால் நல்லது.

சலுகை ஒரு கம்பெனியைக் கட்டிப் போட்டுவிடும் என்றும் நம்ப வேண்டாம். பெட்டாலிங் ஜெயா நகரம் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்தது. மரம் போய் ஆலை வந்தது. அங்கே கணினித் தகடு செய்துவந்த ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி, தன் சரக்குக்குக் கிராக்கி குறைகிறது என்று 2018இல் அறிவித்து ஆலையை மூடியது. உலகச் சந்தை மாறினால் கம்பெனி மாறும். தொழிலாளிக்கு வீடும், பிள்ளைகளின் பள்ளியும், கடனும் இங்கேயே இருக்கும்.

போட்டி எங்கே போய் நிற்கும்?

"சலுகை கொடுக்காவிட்டால் அவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்களே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிங்கப்பூரின் பொது வரி நூற்றுக்கு 17, தாய்லாந்திலும் வியட்நாமிலும் 20, இந்தோனேசியாவில் 22. இவற்றுக்கும் கீழே இறங்கி, தாய்லாந்து சில உயர் தொழில்களுக்கு 13 ஆண்டுகள் வரையிலும், இந்தோனேசியா மிகப் பெரிய முதலீட்டுக்கு 20 ஆண்டுகள் வரையிலும் வரி விலக்குக் கொடுத்திருக்கின்றன. இப்படி எல்லோரும் இறங்கினால், ஒருவரும் முன்னே போகவில்லை. எல்லோரும் கீழேதான் போயிருக்கிறார்கள்.

இந்த நிலையைத் தோட்டத் தொழிலாளிக்கு விளக்கத் தேவையில்லை. சங்கம் இல்லாத காலத்தில் நம் பாட்டன்மார் ஒவ்வொருவரும் தனித்தனியே துரையின் முன் நின்றார்கள். "உனக்கு இந்தக் கூலி பிடிக்காவிட்டால் அடுத்தவன் தயாராக இருக்கிறான்" என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுபட்டு ஒரே தேசியச் சங்கமான பிறகுதான், தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடாமல் ஒரே கூட்டு ஒப்பந்தம் பேச முடிந்தது. இன்று அந்நியக் கம்பெனியின் முன் தனித்தனியே நின்று பேரம் பேசும் அரசாங்கங்கள், சங்கம் இல்லாத தொழிலாளியின் நிலையில் இருக்கின்றன. "உனக்கு முடியாவிட்டால் வியட்நாம் தயாராக இருக்கிறது" என்கிறான் கம்பெனிக்காரன். சொல் பழையது, கேட்பவர்தான் மாறியிருக்கிறார்.

முதலாளிமார் இந்த உண்மையை நமக்கு முன்பே அறிந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவதில் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஒருவர் செலவில் வந்த ஆளை இன்னொருவர் இழுத்துக்கொண்டார். அதனால் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற பொது நிதி ஏற்பட்டது. ஆள் வைத்திருந்த எல்லா முதலாளிகளும் அதில் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

ரப்பர் விலை விழுந்தபோதும் அப்படியே. 1922இல் ஸ்டீவன்சன் திட்டப்படி மலாயாவும் இலங்கையும் உற்பத்தியைக் கட்டுப்படுத்தின. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள் சேரவில்லை. நாம் குறைத்த அளவை அவர்கள் கூட்டினார்கள். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு 1934இல் டச்சு, பிரெஞ்சு, சயாம் அரசாங்கங்களும் சேர்ந்த உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தத் திட்டங்கள் முதலாளியின் இலாபத்தைக் காக்க வந்தவை. தொழிலாளியின் கூலியைக் காக்க வந்தவை அல்ல. ஆயினும் பாடம் ஒன்றே: ஒருவர் வெளியே நின்றால் எல்லோருக்கும் நஷ்டம், எல்லோரும் சேர்ந்தால் விலை நிற்கும்.

நூற்றுக்கு 15 என்ற தரை

அந்தப் பாடத்தை வரி விஷயத்தில் உலகம் இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறது. 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும், பெரிய பன்னாட்டுக் கம்பெனிகள் எங்கே இலாபம் சம்பாதித்தாலும் நூற்றுக்கு 15 வீதமாவது வரி கட்ட வேண்டும் என்று இசைந்தன. ஆண்டுக்கு 75 கோடி யூரோவும் அதற்கு மேலும் வரவு உள்ள கம்பெனிகளுக்கு இது பொருந்தும். மலேசியாவும் சிங்கப்பூரும் 2025 ஜனவரி 1 முதல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

இதன் சூட்சுமம் இதுதான். நாம் ஒரு கம்பெனிக்கு வரியை 15க்குக் கீழே குறைத்தால், குறைந்த பாகத்தை அந்தக் கம்பெனியின் தாய்நாடு வசூலித்துக்கொள்ளலாம். அதாவது, நாம் விட்டுக்கொடுத்த பணம் கம்பெனிக்கும் போகாது, நமக்கும் வராது; இன்னொரு நாட்டின் பொக்கிஷத்துக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் உள்நாட்டிலேயே மிச்ச வரியை வசூலிக்கும் சட்டத்தை இரு நாடுகளும் செய்தன. முன்னே போட்ட கணக்கில், 7 இலட்சத்து 20 ஆயிரம் மட்டும் கட்டிய கம்பெனி அத்தகைய பெரிய குழுவைச் சேர்ந்ததாக இருந்தால், கழிவுகளை நீக்கிப் பார்த்தால், இன்னும் 7 இலட்சத்து 80 ஆயிரம் கட்ட வேண்டும். சம்பளத்துக்கும் நிலையான சொத்துக்கும் ஒரு பங்கு கழிவு உண்டு. காகிதத்தில் மட்டும் இலாபம் காட்டுகிறவனைவிட, ஆள் வைத்து ஆலை நடத்துகிறவனுக்குச் சுமை குறைவு. அது நியாயமே.

ஆனால் இந்த வேலியிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் தலைமையகம் உள்ள கம்பெனிகளுக்குத் தாய்நாட்டு மேல்வரி விதிகளிலிருந்து விலக்குக் கொடுக்க, 2025 ஜூனில் ஜி–7 நாடுகள் ஒத்துக்கொண்டன. நம் உள்நாட்டு மிச்ச வரியை அது தொடவில்லை. அதைக் கைவிடச் சொல்லி யார் அழுத்தம் கொடுத்தாலும் அரசாங்கம் இணங்கக் கூடாது.

போட்டி நிற்கவும் இல்லை, வழி மாறியிருக்கிறது. வரியைக் குறைக்க முடியாதபோது ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். சிங்கப்பூர் 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், செலவில் ஒரு பகுதியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கும் முறையை அறிவித்தது. வியட்நாம் 2024 டிசம்பரில் முதலீட்டு உதவி நிதியை அமைத்தது. ரொக்கத்தில் ஒரு நன்மை உண்டு: அது செலவுக் கணக்கில் எண்ணாக நிற்கும், மக்கள் பார்க்கலாம். ஆனால் பணம் நிறைய உள்ள நாடே அந்தப் பந்தயத்தில் வெல்லும்.

கணக்கில் வராத சலுகை

இதுவரை சொன்னவை பணச் சலுகைகள். பணமில்லாத ஒரு சலுகையும் கொடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தது அரசாங்கம். அதற்கு விலை தந்தது தொழிலாளி.

1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு என்ன சொன்னது? முன்னோடி அந்தஸ்து பெற்ற ஆலையில் முதல் ஐந்தாண்டுகளுக்கு, அமைச்சரின் சம்மதமின்றி, வேலைச் சட்டம் தரும் விடுமுறை, வேலை நேரம் முதலியவற்றைவிட மேலானவற்றைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதக் கூடாது என்றது. சட்டம் வைத்த அடித்தரையே கூரையுமாயிற்று. பின்னாளில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் ஆலைகளில் உழைத்து ஓய்ந்த பெண்களுக்கு, அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

மின்னியல் ஆலைத் தொழிலாளர்கள் 1970களிலிருந்து ஒரு தேசியச் சங்கம் வேண்டும் என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1988இல் ஆலைக்கு ஆலை தனிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2009இல்தான் வட்டாரச் சங்கங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் இரவு ஷிப்டில் நுண்கருவியின் முன் கண்களைத் தேய்த்து உழைத்து முடித்த பிறகு கிடைத்த உரிமை அது. சிங்கப்பூரிலும் 1968இல் வந்த வேலைச் சட்டமும் தொழில் உறவுத் திருத்தமும் முதலாளியின் கையைப் பலப்படுத்தின. முதலீட்டை வரவழைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

மலேசியாவில் 2024 செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே மாதிரியான தொழிலில் உள்ளவர்களே ஒரு சங்கத்தில் சேரலாம் என்ற பழைய கட்டை நீக்கியிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே போவது நம் பிள்ளைகளின் பொறுப்பு. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.

நாம் கேட்பது

அந்நிய மூலதனத்துக்கு நாம் பகைவர் அல்லர். வந்தவனுக்கு நாற்காலி போடுவது நம் பண்பு. வீட்டையே எழுதிக் கொடுப்பது பண்பாகாது. ஆகவே நாம் கேட்பவை ஐந்து.

முதலாவது, எந்தக் கம்பெனிக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்குச் சலுகை என்பது கம்பெனி வாரியாகப் பகிரங்கமாக வெளிவர வேண்டும். தோட்டத்தில் ஒரு வெட்டுக்காரனின் பால் எத்தனை கிலோ என்பது தினமும் எழுதப்படுகிறது. கோடி வெள்ளிச் சலுகை எழுதப்படாமல் இருக்கலாகாது.

இரண்டாவது, எத்தனை வேலை, எந்தச் சம்பளம், என்ன பயிற்சி என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாக்குத் தவறினால் விட்ட வரியைத் திரும்ப வசூலிக்க வேண்டும்.

மூன்றாவது, தவணை முடிந்தால் சலுகை முடிய வேண்டும். பெயரை மாற்றி, புதுத் திட்டம் என்று சொல்லி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் வழக்கம் கூடாது.

நான்காவது, சங்க உரிமையும் கூட்டு ஒப்பந்த உரிமையும் இனி ஒருபோதும் சலுகைத் தட்டில் வைக்கப்படக் கூடாது.

ஐந்தாவது, ஆசியான் நாடுகள் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். இந்த அளவுக்குக் கீழே ஒருவரும் இறங்குவதில்லை என்று ஒரு தரையை வைக்க வேண்டும். நீண்ட காலம் போட்டி போட்ட மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூரில் ஒரு வலயத்துக்காகக் கைகோக்க முடிந்தது. மற்ற நாடுகளையும் சேர்த்து ஒரு தரைக்காகக் கைகோப்பது முடியாத காரியம் அல்ல.

நாளை காலை அந்தத் தொழிற்சாலை பஸ் வரும்போது, அதில் ஏறும் உங்கள் மகளிடம் கேளுங்கள்: "அம்மா, உன் ஆலையில் சங்கம் இருக்கிறதா?" இல்லை என்றால் அன்று மாலையே அந்தப் பேச்சைத் தொடங்குங்கள். அரசாங்கங்கள் ஒன்றுபட இன்னும் காலம் ஆகலாம். தொழிலாளி ஒன்றுபட இன்று மாலையே போதும்.